1980 ஜனவரி 1, செவ்வாய்

போயா விடுமுறையில்
சப்றாஸ் தன் ரயர் கடை ஷட்டரை
அரைவாசிதான் தூக்குவான்.
குனிந்து நுழைந்தால் இடப்பக்கம் படி.
மேலே, றப்பர் மணக்கும் அறையில்
மூன்று கொம்பியூட்டர்கள்.
மூன்றிலும் ஓஎஸ்-டூ.

கல்முனையில் இதை நாலு பேர் வைத்திருக்கிறோம்.
உலகத்தில் எத்தனை பேர் என்று தெரியாது.

வங்கி ஒன்று பழைய சாமான்களை ஏலம் விட்ட அன்று
இரண்டு கதிரை வாங்கப் போனவர் புவிதரன்.
கதிரை கை எட்டாத விலைக்குப் போனது.
பெட்டி மட்டும் அவர் தலையில் விழுந்தது,
மூவாயிரத்து ஐந்நூறுக்கு.
வீட்டில் செருகினார். எழும்பியது.
உள்ளே யாரோ ஒரு காசாளரின் கோப்பு:
"சோத்துப் பார்சல். மீன் மூன்று, முட்டை ஒன்று,
சைவம் ஒன்று. காசு தராதவர் மனேஜர்."
அதை இன்றுவரை ஒருவரும் அழிக்கவில்லை.

கடல் அரைக் கட்டையில்.
உப்பு, செம்பு பித்தளை எதையும் விடாது.
பல் ஆஸ்பத்திரி மிஸி லொறேற்றா
பழைய பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாய்
காட்டுகளின் ஈறு தேய்ப்பாள்.
பிளொப்பியில் பூத்த பூஞ்சணத்தை
பஞ்சால் ஒற்றி, ஊதி,
ஒரு தரம், ஒரே ஒரு தரம் வாசித்தால் போதும் என்று
நாலு பேரும் மூச்சடக்கி நிற்போம்.
நான் நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞர்.
பகலில் வாய்க்கால் கணக்கு,
இரவில் ட்ரைவர் எழுதுகிறேன்.
பிரேசிலில் ஒருவர் அதைத் திருத்தி அனுப்புகிறார்.
அவருக்குத் தமிழ் தெரியாது,
எனக்கு அவர் பாஷை தெரியாது.
மூவாயிரத்து நூற்றெழுபத்தைந்தாம் இலக்கப் பிழை
இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு
சப்றாஸ் சொல்லும் பதில்:
"நூல் தெரியுமட்டும் ஓடலாம் சேர்."
அது ரயருக்குச் சொல்வது.

வங்கிப் பெட்டிக்கு ஒரு குறை இருந்தது.
மணிக்கூட்டுச் சில்லுக்குள் பற்றறி செத்துவிட்டது.
கறண்ட் போய் வரும் ஒவ்வொரு தரமும்
அதற்கு 1980 ஜனவரி 1,
செவ்வாய்க்கிழமை.

அந்தச் செவ்வாயில்
நானும் சப்றாசும் பிறக்கவில்லை.
புவிதரனின் அண்ணா
அடுத்த வளவு மாங்காய்க்கு அடி வாங்குகிறார்.
லொறேற்றாவின் வீடு கடற்கரையில்
நாலு சுவரோடும் நிற்கிறது,
கிணற்றில் வாளி இருக்கிறது.
ஒன்றுமே நடக்கவில்லை இன்னும்.
பெட்டிக்கு அது ஒன்றும் தெரியாது.
திகதி பிழை என்று
நாங்கள்தான் அதற்குச் சொல்லவேண்டும்,
முறை வைத்து,
ஒவ்வொரு இலக்கமாய்.
புவிதரன் தன் முறையில்
பிளேன்ரீ ஆறும்வரை தட்டமாட்டார்.

போன போயாவுக்கு
பஞ்சில் சுற்றிப் புதுச் சில்லு கொண்டுவந்தான் சப்றாஸ்.
மேசையில் வைத்தான்.
நான் ஃபோனைப் பார்த்தேன்.
புவிதரன் யன்னலுக்குப் போய்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களை எண்ணினார்.
"என்னகா, பாம்பா அது?" என்றாள் லொறேற்றா.
பிறகு, எங்களைப் பாராமல்:
"மாதா மாதம் அந்த வீட்டுக்குப் போய்
திரும்பி வர எனக்கு ஏலாது."

ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கினாள்.
இருபத்தினாலு கால்கள். கை நடுங்கவில்லை.
ஒரு தரம் திகதி கொடுத்தோம்.
சப்றாஸ் வயரைப் பிடுங்கினான், எண்ணினான், செருகினான்.
இன்றைய நாள்.

புவிதரன் கிட்ட வந்து
மறுகா ஒருக்கா பிடுங்கச் சொன்னார்.
இன்றைய நாள்.

செத்த சில்லை அவர் சட்டைப் பையில் போட்டதை
நான் கண்டேன். சொல்லவில்லை.
இருட்டுமுன் கொத்து எடுக்க யார் போவது என்று
சப்றாஸ் கத்திக்கொண்டிருந்தான்.

புது மணிக்கூடு நாலு நிமிடம் முந்தி ஓடுகிறது.
அடுத்த போயாவுக்குப் பார்ப்போம்.